புங்கெண்ணெயில் எஞ்சின் ஓடும். அதற்காக மல்லாட்டை நிலத்தை எழுதிக் கொடுக்காதீர்!

(வட்டாரக் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பேச்சை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த நோட்டீஸை உங்களுக்குக் காட்டணும். ரெண்டு மாசமாக நம்ம வட்டாரத்தில் ஊர் ஊராகக் கொடுத்துக்கிட்டு வர்றாங்க. டீசல் தரும் மரம், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, கொள்முதலுக்கு நாங்கள் பொறுப்பு என்று கலர் கலராக அச்சடித்திருக்கிறார்கள். கீழே ஒரு செல் நம்பர் இருக்கிறது. கம்பெனி விலாசம் இல்லை. கன்று ஒன்றுக்கு எவ்வளவு முன்பணம் கட்ட வேண்டும் என்பது மட்டும் பெரிய எழுத்தில் தெளிவாக இருக்கிறது.

இந்த நோட்டீஸை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சங்கம் சொன்னதும் நம்ம பிள்ளைகளே சிலர் கேட்கிறார்கள். "என்ன பெரியப்பா, டீசல் விக்கிற விலையில மாற்று எரிபொருள் வந்தா நல்லதுதானே? சங்கம் எதுக்கு முட்டுக்கட்டை போடுது? எண்ணெயில எஞ்சின் ஓடாதா?" என்று. நியாயமான கேள்வி. படித்த பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும்.

ஓடும். நாங்களே ஓட்டியிருக்கிறோம். அந்தக் கதையைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

டீசல் என்பது ஒரு மனிதருடைய பெயர். ருடால்ஃப் டீசல் என்கிற ஜெர்மன் எஞ்சினியர். 1897-இல் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. 1900-இல் பாரிஸ் பட்டணத்தில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம்ம மல்லாட்டை எண்ணெய்தான். எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாமல், வித்தியாசமே தெரியாமல் ஓடியது, சுற்றி நின்றவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் உள்ளே போவது எண்ணெய் என்று தெரியும் என்று டீசலே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அப்படி ஓட்டிக் காட்டச் சொன்னது யார் தெரியுமா? பிரெஞ்சு சர்க்கார். ஆப்பிரிக்காவில் அவர்கள் பிடித்து வைத்திருந்த நாடுகளில் மல்லாட்டை ஏராளமாக விளைந்தது. அங்கே விளைவதைப் பிழிந்து அங்கேயே எஞ்சினை ஓட்டிக்கொண்டால் நிலக்கரியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆக, நூற்றிருபது வருஷத்துக்கு முந்தியே இந்த விஷயத்தில் ரெண்டு கேள்வி சேர்ந்துதான் வந்திருக்கிறது. எண்ணெயில் எஞ்சின் ஓடுமா என்பது ஒன்று. யார் நிலத்து எண்ணெய், யார் எஞ்சினுக்கு என்பது இன்னொன்று. நோட்டீஸ்காரர்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார்கள்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 1990-லிருந்து விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் சர்வீஸ் கிடைத்தவனுக்குத்தானே இலவசம்? மனு கொடுத்துவிட்டு வருஷக் கணக்கில் காத்துக் கிடக்கிறவனுக்கு ஆயில் எஞ்சின்தான் கதி. நம்ம சங்கத்து உறுப்பினர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அதனால்தான் 2009-ஆம் வருஷம் நாலைந்து பேர் சேர்ந்து புங்கெண்ணெயைப் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினோம். அப்போது கர்நாடகத்துச் சேதி ஒன்று எங்கள் காதுக்கு வந்திருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உடுப்பி சீனிவாசா என்று ஒரு பேராசிரியர். அவர் நம்ம புங்கன் மரத்தை, அவங்க பாஷையில் ஹொங்கே, அதன் எண்ணெயை அப்படியே ஊற்றி கிராமத்தில் ஜெனரேட்டர் ஓட்ட வைத்தார், தண்ணீர் இறைக்க வைத்தார். ஒரு காலத்தில் நம்ம தாத்தா பாட்டி விளக்கெரித்த எண்ணெய்தானே, நாமும் பார்ப்போமே என்று ஆரம்பித்தோம்.

மெதுவாகச் சுற்றுகிற பழைய லிஸ்டர் வகை எஞ்சின், 5 குதிரைசக்தி. மார்கழி மாசம், விடியற்காலை. டேங்கில் முழுக்க புங்கெண்ணெயை ஊற்றிக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுகிறோம், சுற்றுகிறோம், ஆள் மாற்றி ஆள் சுற்றுகிறோம். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் ஒரு மெக்கானிக் வந்து சொன்னார். டீசலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறினதும் எண்ணெய்க்கு மாற்றுங்கள் என்று. ரெண்டு டேங்க் வைத்து நடுவில் ஒரு திருகு வால்வு போட்டோம். ஓடியது! மூணு வாரம் ராஜா மாதிரி ஓடியது. சத்தம்கூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. புகையில் கசப்பாக ஒரு வாசனை, அவ்வளவுதான். ஊரில் தலை நிமிர்ந்து நடந்தோம்.

நாலாவது வாரம் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், பால் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி நாசில் முனை முழுக்கக் கரி. பிஸ்டன் ரிங்கு பள்ளத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. எஞ்சின் ஆயிலை இறக்கினால் தார் மாதிரி இறங்குகிறது. தப்பு எங்களுடையதுதான். எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்தி வந்திருக்கிறோம். ராத்திரி முழுக்கக் குழாயிலும் நாசிலிலும் எண்ணெய் ஆறிக் கெட்டியாகி நின்றிருக்கிறது. வடிகட்டியதும் சரியில்லை, ஒரு பழைய வேட்டித் துணி ஒரே மடிப்பு. ரிப்பேர் செலவை ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அழுதோம்.

ஏன் அப்படி ஆகிறது என்பதை விளங்கிக்கொண்டால் நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய மாட்டீர்கள். டீசல் தண்ணீர் மாதிரி. எண்ணெய் இளம் பாகு மாதிரி. டீசலைவிடப் பத்துப் பங்குக்கு மேல் கெட்டி. நாசில் எரிபொருளைப் புகை மாதிரி தூவ வேண்டும், அப்போதுதான் முழுசா எரியும். எண்ணெய் குளிர்ந்திருந்தால் தூவாது, தாரையாக விழும். பாதி எரிந்து பாதி கரியாகும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்து அதைக் கெட்டியாக்கிவிடும். வியாதி இதுதான், மருந்தும் இதிலேயே இருக்கிறது.

பிழிந்த எண்ணெயை உடனே ஊற்றக் கூடாது. ரெண்டு வாரம் அசைக்காமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, கெட்டித் துணியில் நாலு மடிப்பாக வடிகட்ட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. வருஷக் கணக்கில் வைத்திருந்து சிக்கு வாடை அடிக்கிற எண்ணெய் வேண்டாம், அது புளித்து உள்ளே இரும்பை அரிக்கும். முதல் பத்து நிமிஷம் டீசல், கடைசிப் பத்து நிமிஷமும் டீசல், நடுவில் எண்ணெய். எண்ணெய்க் குழாயைப் புகைக்குழாய் ஓரமாகக் கொண்டுபோனால் சூட்டில் இளகிப் போகும். எஞ்சின் ஆயிலை வழக்கமாக மாற்றுவதைப் போல ரெண்டு மடங்கு சீக்கிரம் மாற்ற வேண்டும். இவ்வளவு பக்குவம் பார்க்க முடியாதவர்கள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் எண்ணெய் கலந்து ஓட்டலாம், தொந்தரவு குறைவு. எண்ணெயில் டீசலைவிடச் சூடு கொஞ்சம் கம்மி, அதனால் அதே வேலைக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்லணும். இதெல்லாம் பழைய, மெதுவாக ஓடுகிற ஆயில் எஞ்சினுக்குத்தான். கடன் வாங்கி எடுத்த புது டிராக்டரில் யாரும் விளையாட வேண்டாம். இப்போ வருகிற காமன் ரெயில் பம்புகள் தலைமுடி அளவு இடைவெளியில் வேலை செய்கிறவை. பம்பு போனால் நம்ம ஒரு வருஷ வெள்ளாமைப் பணம் போச்சு, வாரண்டியும் தர மாட்டான்.

எண்ணெயைப் பயோ டீசலாகவே மாற்றிவிட்டால் எந்த எஞ்சினுக்கும் போடலாமே, வீட்டிலேயே செய்யலாம் என்று யூடியூபில் காட்டுறாங்களே என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, அதற்கு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் வேண்டும். மெத்தனால் என்றால் என்ன என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு நாங்கள் விளக்கணுமா? 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது அதுதான். கேனில் வாங்கி வந்து திண்ணையில் வைக்கிற சரக்கு இல்லை அது. பூட்டுப் போட்ட ஆலைக்குள்ளே, தெரிந்தவர்கள் செய்கிற வேலை. அதே மாதிரி ரோட்டோரத்தில் பயோ டீசல் என்று மலிவாக விற்கிறதையும் நம்பாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

சரி, இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். கணக்கு.

ஒரு 5 குதிரைசக்தி எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். கிராமத்து ஆலையில் பிழிந்தால் ஒரு லிட்டர் புங்கெண்ணெய்க்கு 4 கிலோ கொட்டை வேண்டும். ஒரு மரம் எவ்வளவு காய்க்கும்? புத்தகத்தில் 9 கிலோ முதல் 90 கிலோ வரை போட்டிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் அவ்வளவு வித்தியாசம். நாங்கள் எடை போட்ட வரையில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட நல்ல மரம் 20 கிலோ கொடுத்தால் பெரிசு. அப்போ ஒரு மரம், ஒரு வருஷத்துக்கு, 5 லிட்டர். அதாவது 5 மணி நேர எஞ்சின் ஓட்டம். வரப்பிலும் கிணற்று மேட்டிலும் 10 மரம் வைத்திருக்கிறவனுக்கு 50 மணி நேரம். மல்லாட்டைக்குப் பூ இறங்குகிற சமயத்தில் மழை ஏமாற்றும் பாருங்கள், அப்போது அந்த 50 மணி நேரம் உயிர்த் தண்ணீர்!

கொட்டையை விலைக்கு வாங்கிப் பிழிந்தால்? கிலோ 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோ 80 ரூபாய். ஆலைக் கூலி, தூக்குக் கூலி, வடிகட்டுவதில் போகிற சேதாரம். டீசல் விலைக்கே வந்து நிற்கும். 2024-இல் சென்னையில் டீசல் 92 ரூபாய் சொச்சம். ஆக, சொந்த மரத்துக் கொட்டை, சொந்தக் கை உழைப்பு என்றால் லாபம். சந்தையில் வாங்கினால் கையைக் கடிக்கும். லிட்டருக்கு 3 கிலோ புண்ணாக்கு மிச்சமாகுமே, அதுதான் உண்மையான வரும்படி என்று நாங்கள் சொல்லுவோம். மாடு தின்னாது, கசப்பு. ஆனால் நிலத்துக்குப் போட்டால் தழைச்சத்து, கரையானும் அண்டாது. யூரியா மூட்டைக்காகக் கடை வாசலில் வரிசையில் நின்றவனுக்கு அதன் அருமை தெரியும்.

மல்லாட்டை எண்ணெயை எஞ்சினில் ஊற்றலாமா என்று கேட்காதீர்கள். டீசலைப் போல ரெண்டு மடங்கு விலை விற்கிற சாப்பாட்டுப் பண்டம் அது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஒரு மரம் 5 லிட்டர் என்றால், ஒரு நாளைக்கு 60 லிட்டர் குடிக்கிற ஒரு பஸ்ஸுக்கு வருஷத்துக்கு 4,000 மரத்துக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு பஸ்ஸுக்கு! நம்ம கிணற்றுக்கு வரப்பு மரம் போதும். பட்டணத்து லாரிக்கும் காருக்கும் என்றால் வரப்பு போதாது, நிலம் வேண்டும். அந்த நிலத்துக்குத்தான் இந்த நோட்டீஸ்.

இது புதுசு இல்லை. வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும், இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே பாட்டு காட்டாமணக்கு என்ற பெயரில் வந்தது. 2002 டிசம்பர் 31-ஆம் தேதி டில்லிக்கும் அமிர்தசரசுக்கும் நடுவே சதாப்தி ரயிலில் 5 சதவீதம் பயோ டீசல் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். 2003-இல் மத்தியத் திட்டக் கமிஷன் ஒரு அறிக்கை போட்டது. நாடு முழுக்கக் காட்டாமணக்கு நட்டு, 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்று. ஹெக்டேருக்கு 2,500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ கொட்டை, கிலோ 5 ரூபாய். காகிதத்தில் காய்த்துத் தொங்கியது!

நம்ம பக்கத்திலும் கம்பெனிகள் வந்தன. கன்று கொடுத்தார்கள், பேங்கில் கடன் ஏற்பாடு செய்தார்கள், கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு பிரியாணியும் போட்டார்கள். நம்ம சங்கத்து அண்ணன் ஒருத்தர், பெயர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். மூணு ஏக்கர் மானாவாரி மல்லாட்டை நிலத்தில் காட்டாமணக்கு நட்டார். அப்போது சங்கம் அவரைத் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்ன, "நல்ல திட்டம்தான் போலிருக்கு" என்று தலையாட்டியதே நாங்கள்தான். அதை இன்றைக்கு மறைக்க விரும்பவில்லை.

முதல் வருஷம் காய்ப்பு இல்லை, சரி, சின்னச் செடி. ரெண்டாம் வருஷம் செடிக்கு ஒரு கைப்பிடி. மூணாம் வருஷம் மூணு ஏக்கரும் சேர்த்து ஒரு மாட்டு வண்டி பாரம்கூடத் தேறவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார்களே, செடி சாகாமல் இருக்கத்தான் தண்ணீர் வேண்டாம், காய்க்கணும்னா தண்ணீரும் வேண்டும் எருவும் வேண்டும். காயும் ஒரே சமயத்தில் முற்றாது. திரும்பத் திரும்பப் போய்ப் பறிக்கணும், பறிகூலி கொட்டை விலையைவிட அதிகம். எடுத்துக்கொண்டு போனால் கம்பெனி ஆபீசில் பூட்டு. போன் போட்டால் மணி மட்டும் அடித்தது, அப்புறம் அதுவும் அடிக்கவில்லை. கடைசியில் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்க அவர்தான் மறுபடி கடன் வாங்கினார்.

அந்த மூணு வருஷம் அந்த நிலத்தில் மல்லாட்டை இல்லை, ஊடுபயிர் துவரை இல்லை, மாட்டுக்குக் கொடி இல்லை. காய் ஆய்கிற வேலைக்கு வருகிற பத்துப் பெண்களுக்குக் கூலி இல்லை. அவர்கள் நஷ்டத்தை எந்த அறிக்கையிலும் யாரும் எழுதவில்லை. வேலியோரம் கிடந்த கொட்டையைப் பிள்ளைகள் தின்று வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையும் பல ஊரில் உண்டு. விஷக் கொட்டை அது, புண்ணாக்கும் மாட்டுக்கு ஆகாது.

இது நம்ம ஒருத்தர் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு போட்டவர்களிடம் விசாரித்து எழுதிய ஆராய்ச்சி ஒன்று 2010-இல் வெளிவந்தது. சொன்ன மகசூலைவிட வந்தது மிகக் குறைவு, தண்ணீர் பாய்ச்சின இடத்திலும் கட்டுபடியாகவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஆராய்ச்சி பண்ணித்தான் தெரியணுமா என்று நம்ம அண்ணன் கேட்பார். ஆனாலும் எழுத்தில் இருப்பது நமக்கு நல்லது. அதிகாரியிடம் பேசும்போது கையில் வைத்துக்கொள்ளலாம்.

விலை எப்படி வைத்தார்கள் என்பதையும் கேளுங்கள். 2005 அக்டோபரில் மத்திய அரசு பயோ டீசல் கொள்முதல் கொள்கை அறிவித்தது. 2006 ஜனவரி முதல் எண்ணெய்க் கம்பெனிகள் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் என்று. ஒரு லிட்டருக்குக் காட்டாமணக்குக் கொட்டை மூணு கிலோவுக்கு மேல் வேண்டும். அந்த 25 ரூபாயில் ஆலைக்காரன் செலவு, மெத்தனால் செலவு, லாரி வாடகை, லாபம் எல்லாம் கழித்து மிச்சம் என்னவோ அதுதான் கொட்டைக்கு விலை. உழுதவன் கூலியைக் கடைசியில் வைத்துக் கழித்துப் பார்க்கிற கணக்கு. கரும்பிலும் நெல்லிலும் நாம் பார்க்காததா?

அப்புறம் அந்த 20 சதவீதம் என்ன ஆச்சு? 2009-இல் புதுசாக ஒரு தேசியக் கொள்கை, 20 சதவீதம் 2017-க்குள் என்றார்கள். 2018-இல் இன்னொரு கொள்கை, 5 சதவீதம் 2030-க்குள் என்றார்கள். நாட்டில் கலந்தது 2023 வரை ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சர்க்கார் இலக்கை மாற்றி எழுதிக்கொள்ளலாம், தாளும் மையும்தான் செலவு. நட்டவன் நிலம் மூணு வருஷம் போனது போனதுதான்.

சாப்பாட்டு எண்ணெய் எஞ்சினுக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் நம்ம ரேஷன் கடையிலிருந்தே பார்க்கலாம். நாம் வாங்குகிற பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருவது. நம்ம நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. இந்தோனேசியா 2023-இல் தன் டீசலில் 35 சதவீதம் பாமாயில் டீசல் கலக்க உத்தரவு போட்டது, 2025-இல் அதை 40 சதவீதம் ஆக்கியது. அவங்க எண்ணெய், அவங்க இஷ்டம். ஆனால் 2022 ஏப்ரல் கடைசியில் அந்த நாடு மூணு வாரத்துக்கு மேல் பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தபோது நம்ம ஊர் மளிகைக் கடையில் எண்ணெய் விலை என்ன ஆட்டம் ஆடியது என்று தாய்மார்களுக்குத் தெரியும். நாம் மல்லாட்டையைக் குறைத்துக்கொண்டு டீசல் மரம் நட்டால் அந்தக் கயிறு நம்ம கழுத்தில் இன்னும் இறுகும்.

அப்போ சங்கம் என்னதான் சொல்கிறது? மரம் நடாதே என்றா? நடுங்கள். வரப்பில் நடுங்கள், வேலியில் நடுங்கள், ஏரிக்கரையில் நடுங்கள், புங்கனும் வேம்பும் இலுப்பையும் நடுங்கள். ஆந்திராவாக இருந்தபோது அதிலாபாத் மாவட்டத்தில் பவர்குடா என்று ஒரு சின்ன ஆதிவாசி கிராமம். பெண்கள் குழுவே புங்கன் கொட்டை பொறுக்கி, சொந்தமாக ஆலை வைத்துப் பிழிந்தார்கள். 2003-இல் அவர்கள் மிச்சம் பிடித்த 147 டன் கரிப் புகைக்கு உலக வங்கி 645 டாலர் கொடுத்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் மரமும் அவர்களுடையது, ஆலையும் அவர்களுடையது. கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்து மடேனூரில் விவசாயப் பல்கலைக்கழகம் அமைத்த எரிபொருள் பூங்காவும் வரப்பு மரத்தை வைத்துத்தான் ஆரம்பித்தது, வெள்ளாமை நிலத்தைத் தொடச் சொல்லவில்லை.

நம்ம ஊரில் என்ன நிலைமை? ஏரிக்கரைப் புங்கன் மரங்களின் மகசூலை ஏலம் விடுகிறார்கள். வெளியூர் வியாபாரி எடுத்துக்கொண்டு போகிறான். நம்ம வீட்டுப் பெண்கள் கீழே விழுந்த கொட்டையைப் பொறுக்கினால் திருட்டுப் பட்டம். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினது யார்? நூறு நாள் வேலையில் நம்ம பெண்கள்!

ஆகவே சங்கம் வைக்கிற கோரிக்கைகளைச் சொல்கிறோம். ஏரிக்கரை, ரோட்டோரப் புங்கன் மகசூலை ஏலம் விடாமல் அந்தந்த ஊர் பெண்கள் குழுவுக்கும் சிறு விவசாயிக்கும் கொடுக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு எண்ணெய் பிழியும் எந்திரமும் வடிகட்டும் எந்திரமும் வைக்க வேண்டும். கூலிக்குப் பிழிந்து எண்ணெயையும் புண்ணாக்கையும் நமக்கே கொடுத்துவிட வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கைத் தரிசு என்று எழுதி எந்தக் கம்பெனிக்கும் குத்தகைக்கு விடக் கூடாது. ஆடு மேய்க்கிறவனுக்கு அது தரிசு இல்லை.

சர்வீஸ் கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்கிற வரைக்கும் அவர்கள் எஞ்சினுக்கு ஊற்றுகிற டீசலுக்கு மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தர வேண்டும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததிலிருந்து நாம் கேட்பாரற்றுக் கிடக்கிறோம். நம்ம நெல்லுக்கு நாம் விலை சொல்ல முடியாது, அவங்க டீசலுக்கு அவங்க சொல்கிற விலை! சோலார் பம்பு வந்துவிட்டால் எஞ்சினே வேண்டாம் என்பது உண்மைதான். 2019-இல் வந்த குசும் திட்டத்தில் மானியம் உண்டு என்றார்கள். கிடைத்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்... ரெண்டு பேர். நல்லது. மற்றவர்களுக்காகத்தான் பேசுகிறோம்.

நோட்டீஸ்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தால் சண்டை போட வேண்டாம். மோர் கொடுத்து உட்கார வையுங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தச் சாகுபடிக்கு 2019-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஒப்பந்தம் போடுகிற அன்றே விலையை எழுத வேண்டும், அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதனால் அவரிடம் கேளுங்கள். கிலோவுக்கு என்ன விலை, அதை எழுத்தில் தருவாயா? பதிவு பண்ணுவாயா? காய்க்காவிட்டால் மூணு வருஷ மல்லாட்டைக்கு யார் பொறுப்பு? முன்பணத்துக்கு ரசீதில் கம்பெனி விலாசம் போடுவாயா? வாயால் சொல்கிற பதிலை வாங்காதீர்கள், பேப்பரில் வாங்கிச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிய வேண்டாம். 2009-இல் கைப்பிடி சுற்றிக் கை கொப்பளித்தவர்கள் நாங்கள், உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம். ரசீதை எடுத்து வாருங்கள், மொத்தமாகச் சேர்த்து மனுவோடு இணைக்கிறோம்.

இந்த மாசம் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வட்டாரத்து எல்லா ஊரிலிருந்தும் போகிறோம். ஊருக்கு ஒரு டாட்டா ஏஸ் வண்டி, வாடகையை ஊர்க் கிளையே பிரித்துக்கொள்ள வேண்டும். மனு மூணு பிரதி எழுதியாகிவிட்டது, கையெழுத்துத் தாளை ஒன்றியப் பொறுப்பாளர்களிடம் கொடுத்திருக்கிறோம். வரும்போது ஆளுக்கு ஒரு படி புங்கங்கொட்டை கொண்டு வாருங்கள். நம்ம பழைய 5 குதிரைசக்தி எஞ்சினை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் வாசலில் இறக்கி, அனுமதி கேட்டு, அதிகாரிகள் கண்முன்னாடி புங்கெண்ணெயில் ஓட்டிக் காட்டப் போகிறோம். இந்தத் தடவை டீசலில்தான் ஸ்டார்ட் பண்ணுவோம். காலை 9 மணிக்குள் சங்க ஆபீஸ் முன்னால் கூடிவிடுங்கள். சாப்பாட்டை அவரவர் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.